மேப்பிள் நெக்குக்குத் தேங்காய் எண்ணெயா? (கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்)

ஆறுகம்பி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. லேக்கரை (மேலே போட்ட பளபளப்புப் பூச்சை) சுரண்டி எடுத்த கிட்டாரின் மேப்பிள் மர நெக்குக்கு (கம்பி ஓடும் கழுத்துக்கு) வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமாம். ஐயா, அது நெக்கா, தலைமுடியா? தேங்காய் எண்ணெய் காயாது. 400, 600 உப்புத்தாள் போட்டுத் தூசியைத் துடையுங்கள். ஆளிவிதை எண்ணெயோ டங் மரக்கொட்டை எண்ணெயோ பனியன் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயுங்கள். கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு ஒரு நாளாவது காயவிடுங்கள். இப்படி மூன்று நான்கு கோட். நன்றாக இறுகிய பிறகு தேன்மெழுகு. மியூசிக் மேன் கிட்டார் கம்பெனி தன் நெக்குகளுக்குத் துப்பாக்கிக் கட்டைக்குப் போடும் எண்ணெயும் மெழுகும்தான் போடுகிறது. தேங்காய் எண்ணெய் இல்லை.

வேப்பேரி பேஸ்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், உங்களுக்குப் புதிதா என்ன? என் பேஸ் கிட்டாருக்கு 6 வருடமாகத் தேங்காய் எண்ணெய்தான். தடவிப் பத்து நிமிடத்தில் கை சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது, ஒட்டுவதே இல்லை. இது காயாமல் வேறென்ன?

ஆறுகம்பி:
மரம் குடித்துவிட்டது தம்பி, காயவில்லை. ஆளி எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வாங்கி இறுகித் தோல் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் எவ்வளவு காயும் என்று காட்டும் அயோடின் எண் ஆளிக்கு 170க்கு மேல், தேங்காய்க்கு 10 பக்கம். ஊட்டிக்குக் கொண்டு போனால் உறையும், ஊரில் உருகும், எங்கேயும் காயாது.

புதுவிரல்:
அண்ணே, என் நெக்கில் லேக்கர் அப்படியே இருக்கிறது. ஓரமெல்லாம் கறுப்பு அழுக்கு, பிசுபிசுப்பு. முதலில் எதை வைத்துத் துடைப்பது?

வேப்பேரி பேஸ்:
முதலில் இந்தத் "தம்பி" வேண்டாம். நான் மேடையில் வாசிக்கும்போது நீங்கள் கிட்டாரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அப்புறம், உங்கள் ஆளி எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், தெரியுமா? என் தேங்காய் எண்ணெய்த் துணியால் வீடு எரிந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆறுகம்பி:
அடடா, நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள்! அது ஏன் தீப்பிடிக்கிறது? காய்வதால். காயும்போது சூடு கிளம்பும், சுருட்டினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். கொடியில் விரித்துப் போட்டாலோ, தண்ணீரில் முக்கி வைத்தாலோ ஒன்றும் ஆகாது. உங்கள் துணி எரியாததற்குக் காரணம் நல்ல குணமில்லை. அது காயாது.

பலாக்கட்டை:
இருவரும் "காய்வது" என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது. ஒருவர் கையில் ஒட்டாததைச் சொல்கிறார், இன்னொருவர் இறுகுவதைச் சொல்கிறார். மெழுகு என்றதும் ஞாபகம் வருகிறது: நம் வீணையில் 24 மெட்டும் தேன்மெழுகில்தான் நிற்கின்றன. நூற்றாண்டுகளாக நாம் செய்துவருவதை இப்போது வெள்ளைக்காரன் கம்பெனி பெயரில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆறுகம்பி:
சார், வீணையில் கரி கலந்த மெழுகு மெட்டைப் பிடித்து வைக்க. பளபளப்புக்கு இல்லை. அதையும் இதையும் குழப்பாதீர்கள். காய்வதற்கு என்னிடம் ஒரே அர்த்தம்தான்.

பலாக்கட்டை:
என் தாத்தா பலா மரத்தை இழைத்த கை. எனக்கு மெழுகைப் பற்றி வகுப்பா?

வேப்பேரி பேஸ்:
இவருக்கு எல்லாரும் மாணவர்கள்தான். போன மாதம் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) பற்றிய இழையில் "கால் சுற்றுக்கு மேல் திருகாதே" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, தன் நெக்கையே வளைத்துக்கொண்டார். மறக்கவில்லை.

ஆறுகம்பி:
அது மழைக்கால ஈரத்தில் வளைந்தது. திருகியதால் இல்லை. இழை மாற்றாதீர்கள். 6 வருடம் தடவினீர்களே, நெக்கை முகர்ந்து பாருங்கள். பழைய பலகார வாசனை வரும். ஏன்? காயாததால்.

வேப்பேரி பேஸ்:
வாசனை வருகிறது. தேங்காய் வாசனை. எனக்குப் பிடிக்கும்.

சும்மா பார்ப்பவன்:
தேய்க்க ஸ்டீல் வுல் (இரும்பு நார்) போடுகிறவர்கள் கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப்பை டேப்பால் மூடிவிடுங்கள். அதன் காந்தம் தூளை இழுத்துக்கொள்ளும். நான் பட்டவன். பச்சை நார் ஸ்கிரப்பரே மேல்.

ஆறுகம்பி:
பச்சை ஸ்கிரப்பரா? அது பாத்திரம் கழுவ. 0000 என்ற மிக மெல்லிய ஸ்டீல் வுல்லுக்கு ஈடே இல்லை. இதற்கு வேறு இழை போடுங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.

புதுவிரல்:
அண்ணே... அந்த அழுக்கு?

சும்மா பார்ப்பவன்:
தம்பி, லேசாக ஈரமான துணியில் துடைத்து உடனே உலர்ந்த துணியால் துடை. போகாவிட்டால் நாப்தா (பெட்ரோல் மாதிரி சீக்கிரம் பற்றும் கரைப்பான்), ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்புப் பக்கம் போகாமல். லேக்கர் இருக்கும்வரை எந்த எண்ணெயும் உள்ளே போகாது, அதனால் இந்தச் சண்டை உனக்கு வேண்டாம்.

ஆறுகம்பி:
நான் சொல்ல வந்ததைத்தான் இவர் சொல்லிவிட்டார். கூடவே ஒன்று: லேக்கர் மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் உள்ளேயும் போகாது, மேலேயும் காயாது.

வேப்பேரி பேஸ்:
ஞாயிற்றுக்கிழமை நெக்கைப் படம் எடுத்துப் போடுகிறேன். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆறுகம்பி:
படத்தில் பளபளப்பு தெரியும். காய்ந்ததா என்று தெரியாது. ஒரு வெள்ளைத் துணியால் நெக்கை அழுத்தித் துடைத்து, அந்தத் துணியையும் படம் எடுத்துப் போடுங்கள்.

வேப்பேரி பேஸ்:
துணி என் வீட்டுத் துணி. உங்களுக்கு எதற்கு?