மலையில் மயங்கி விழுந்தால் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று யார் சொல்வது? கையில் நோய் விபரம் பொறித்த தகடு கட்டலாமா?

டிக்கோயா மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. சீனி வருத்தம் வந்து எட்டு வருஷம், போன வருஷத்திலிருந்து இன்சுலின். பெனிசிலினும் ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதில் ஒருமுறை ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிப் பிழைத்தவர். இன்னும் மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார், நான் இருப்பது கொழும்பில்.

போன மாதம் பகலில் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மலையிலேயே விழுந்துவிட்டார். காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, 18 கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்ற பயத்தில், கொண்டுபோன ரொட்டியைத் தொடவே இல்லை. பக்கத்து நிரையில் நின்ற அக்காமார் வெயில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், பிறகு கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போனவருக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. கிளினிக் கொப்பி லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், பெட்டிக்குள் இருந்தது. அங்கே சுகர் பார்த்து குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்துவிட்டார், அது சரி. ஆனால் பெனிசிலின் விஷயம் அந்த இடத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதை நினைத்து எனக்கு இன்றுவரை தூக்கம் இல்லை.

வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்கள் நோய் விபரம் பொறித்த வளையலோ சங்கிலியோ போடுகிறார்கள் என்று சித்தி சொன்னார். அதில் என்ன எழுதுவது, கையிலா கழுத்திலா, நம் பக்கம் எங்கே செய்யலாம்? அம்மாவோ "லயத்தில் ஆளாளுக்கு என்ன ஏது என்று கேட்பார்கள், எனக்கு வேண்டாம்" என்கிறார்.

பதுளை தாதி:
கட்டாயம் போடுங்கள் தங்கச்சி. பேச்சில்லாமல் ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் கை வைப்பது நாடி பார்க்கும் இடத்தில், அதாவது மணிக்கட்டிலும் கழுத்திலும். அதனால்தான் இந்தத் தகடுகளும் அங்கே இருக்கின்றன.

ஆங்கிலத்தில் வெட்டச் சொல்லுங்கள், வார்டில் எல்லாம் அதில்தான் எழுதுகிறோம். அம்மாவின் பெயர், சீனி நோயாளி, இன்சுலின் பாவிக்கிறார், பெனிசிலின் ஒவ்வாமை, உங்கள் போன் நம்பர், அவ்வளவு போதும். வெறுமனே ஒவ்வாமை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், எதற்கு என்று தெரியாவிட்டால் அதனால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. இன்சுலின் அளவு வேண்டாம், அது கிளினிக்குக் கிளினிக் மாறும். அடையாள அட்டை நம்பரும் வேண்டாம். மருத்துவத்துக்கான கோலைச் சுற்றிய பாம்புச் சின்னத்தைச் சிவப்பில் போட்டால் தூரத்திலிருந்தே தெரியும், ஆனால் நம் ஆட்கள் நாக தோஷத்துக்குக் கட்டிய தாயத்து என்று நினைத்துவிடலாம், அதனால் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இன்னொன்று, சுகர் இறங்கினால் எல்லாரும் உடனே மயங்கிவிட மாட்டார்கள். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சிலர் சத்தம் போடுவார்கள். ஆம்பிளைகளாக இருந்தால் குடித்திருக்கிறான் என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அப்படி நேரம் கடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூட வேலை செய்யும் அக்காமாருக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள்: முழித்திருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைக்க வேண்டும், 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொருமுறை. முழிப்பு இல்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அடிக்க வேண்டும். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

ஹட்டன் வால்வுக்காரன்:
எனக்கு இதயத்தில் உலோக வால்வு, 2014லிருந்து இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறேன். தலையில் ஒரு அடி பட்டால் உள்ளே இரத்தம் நிற்காது, அது டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும். முதலில் கழுத்துச் சங்கிலியில் தகட்டைப் போட்டிருந்தேன். பைக்கில் விழுந்தபோது சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ளே கிடந்ததை வெகுநேரம் ஒருவரும் பார்க்கவில்லை. நம் ஊர்க் குளிருக்கு எல்லாரும் இரண்டு மூன்று உடுப்புப் போடுகிறோமே. அதிலிருந்து கையில்தான்.

கடை என்று தேடி அலைய வேண்டாம், டவுனில் கேடயமும் பெயர்ப்பலகையும் வெட்டுகிற இடத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வெட்டித் தருவார்கள். வெள்ளியிலோ தங்கத்திலோ செய்யாதீர்கள். கஷ்டம் வந்தால் முதலில் அடகுக்குப் போவது அதுதான்.

பழைய கொழுந்துக்காரி:
மகள், நான் 22 வருஷம் கொழுந்தெடுத்தவள். கையில் சங்கிலி மாதிரித் தொங்குவது எதுவும் சரிவராது. இரண்டு கையும் செடிக்குள் போய் வருகிறது, வாது மாட்டி இழுத்தால் சங்கிலி அறுந்து போகும், இல்லாவிட்டால் கை கிழியும். கழுத்தில் தாலியோடு கோத்தாலும் தம்பி சொன்ன மாதிரி உள்ளே போய்விடும். கைக்கடிகார வார் போல இறுக்கமாக, தட்டையாக இருக்க வேண்டும். மழையில் நனைந்தாலும் கழற்றக் கூடாது, கழற்றினால் அன்றைக்குத்தான் விழுவோம்.

வெட்கத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் மகளுக்கு வலிப்பு. கல்யாணம் தட்டிப்போகும் என்று ஊரிடம் மறைத்தோம். பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்தபோது தெரியாத ஆட்கள் இரும்புச் சாவியைக் கையில் திணித்து, வாயில் கரண்டியை விட்டு முன்பல்லை உடைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தெரிந்ததைச் செய்தார்கள். சொல்லாமல் இருந்தது நான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

தலவாக்கலை வாசகன்:
இது வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு எதற்கு என்று அம்மா நினைத்தால் இதையும் சொல்லிப் பாருங்கள். 1953இல் அமெரிக்காவில் டர்லொக் என்ற ஊரில் லிண்டா காலின்ஸ் என்ற பெண் பிள்ளைக்கு விரல் வெட்டுப்பட்டு, ஏற்புவலிக்கான எதிர்மருந்து ஒத்துக்கொள்ளாமல் சாகும் நிலைக்குப் போய்விட்டாள். அவளுடைய அப்பா ஒரு டாக்டர். எப்படியோ பிழைத்துவிட்டாள். பிறகு வெளியே போகும்போதெல்லாம் அம்மாவும் அப்பாவும் ஒவ்வாமையைக் கடதாசியில் எழுதிக் கட்டி அனுப்பினார்கள். அப்புறம்தான் வெள்ளியில் வளையல், 1956இல் மெடிக்அலர்ட் என்ற அமைப்பு. ஆரம்பம் வெறும் கடதாசிதான். நீங்களும் தகடு வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு அம்மாவின் மணிக்கட்டில் கட்டச் சொல்லுங்கள்.

டிக்கோயா மகள்:
எல்லாருக்கும் மிகவும் நன்றி. பழைய கொழுந்துக்கார அம்மா எழுதியதை போனில் வாசித்துக் காட்டினேன், அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, அப்பாவின் பழைய கடிகார வார் பெட்டியில் கிடக்கிறது, அதில் பொருத்தினால் கட்டிக்கொள்கிறேன் என்றார். அட்டையைத் தம்பி நேற்றே எழுதிக் கட்டிவிட்டான். ஒரு கேள்வி மட்டும். முன்பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலத்தில் இருக்கட்டும், பின்பக்கம் கூட நிற்கும் அக்காமாருக்காக "முழிப்பிருந்தால் சீனித்தண்ணி கொடுங்கள்" என்று தமிழில் வெட்டுவார்களா?

ஹட்டன் வால்வுக்காரன்:
வெட்டுவார்கள் தங்கச்சி. எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், வெட்டி முடிந்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து வாங்குங்கள்.