மீனவர் ஊர் வரைபடத்தை நாங்களே போட்டுக் கொடுக்கலாமா?

கரைவலை: கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைவு வரைபடத்தில் எங்கள் ஊர் வலை காயப்போடும் இடமும் படகு நிறுத்துமிடமும் வெறும் மணலாகத்தான் இருக்கின்றன. ஜிபிஎஸ் வைத்து நாங்களே குறித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

நெய்தல்: கட்டாயம் கொடுங்கள். மீனவர் ஊர்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் காயவைக்கும் இடங்கள் எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். வெறும் புள்ளிகளாகக் கொடுத்தால் ஒதுக்கிவிடுவார்கள், சர்வே எண்ணோடு பொருத்தி, கிராம சபைத் தீர்மானத்தோடு சேர்த்து, கருத்துக்கேட்பில் எழுத்தாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

முகத்துவாரம்: பெண்களையும் கூப்பிடுங்கள் அண்ணே. நண்டு பிடிக்கும் இடம், கருவாடு காயும் திட்டு எல்லாம் அவர்களைக் கேட்டால்தான் சரியாக வரும். வடகிழக்குப் பருவமழையில் கரை அரித்தால் படகை எங்கே ஏற்றுவீர்களோ அதையும் குறியுங்கள்.

நெய்தல்: ஆமாம். ஆனால் மீன் கிடைக்கும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) இருப்பிடத்தை வெளியே கொடுக்காதீர்கள், அது ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.