சபையை விட்டு விலகிவிட்டேன், கீர்த்தனை கேட்டால் மட்டும் அழுகை வருகிறது. இது விசுவாசமா?

தேரிமண்:

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய கிராமம் எங்களுடையது. பல தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இப்போது கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

நிறுத்தியதற்குக் காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை. அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்ததால் ஊரில் அவருடைய சங்கக் காணிக்கை, அதாவது சபைக்குக் கட்டும் சந்தா, பாக்கி விழுந்துவிட்டது. அவர் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுபோய் நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். கமிட்டியார் இரண்டு பேர் நீள நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். பாக்கியைத் தீர்த்து ரசீது வாங்கிய பிறகுதான் கோயில் மணி அடித்தது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் போனது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கை டப்பாவில் போடாமல் அம்மா ஒரு நாளும் சமைத்ததில்லை. வீட்டில் அரிசி பற்றாமல் போன நாட்களிலும் அந்த டப்பாவில் கை வைக்க விடமாட்டார். அதற்கு அந்த நோட்டில் வரவுப் பக்கமே கிடையாது.

பிஷப்பின் கீழ் வரும் திருமண்டலத்தின் தேர்தல் கூத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அணி, பணம், வேன் வைத்து ஆள் ஏற்றுவது, முடிவு வந்ததும் நீதிமன்றம். அதை விடுங்கள்.

என் குழப்பம் வேறு. சித்தி மகள் கல்யாணத்துக்காகப் போன மாதம் ஊர்க் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பழைய கீர்த்தனை எழும்பியது. சுதி சேரவில்லை, தாளம் இழுத்தது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அண்ணி வற்புறுத்தி பக்தியைத் தூண்டிவிட மைதானத்தில் நடத்தும் ஓர் எழுப்புதல் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் எல்லோரும் கதறினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எரிச்சல்தான் வந்தது. அதே இயேசுவின் பெயர்தான் இரண்டு இடத்திலும்.

கோயிலில் எனக்கு வந்தது விசுவாசமா, அம்மாவின் நினைவா? சபையே வேண்டாம் என்றவளுக்கு அந்தப் பாட்டின்மேல் உரிமை உண்டா?

பழைய கீபோர்டு:

சகோதரி, நீங்கள் போனதைப் போன்ற கூட்டங்களில் வருடக்கணக்காகக் கீபோர்டு வாசித்தவன் நான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பிரசங்கியார் வேதாகமத்தை மூடும் சத்தம்தான் எனக்குச் சைகை. டிரம்ஸ் நின்றுவிடும். நான் 'ஸ்டிரிங்ஸ்' ஒலிக்கு மாறி, வால்யூம் பெடலைக் காலால் மிக மெதுவாக அழுத்துவேன். நான்கே கார்டு, திரும்பத் திரும்ப. அவர் குரல் தணியத் தணிய நான் ஏற வேண்டும். "உன் தாய் உனக்காக ஜெபித்தாளே" என்ற இடத்தில் ஒரு விரலை மேலே காட்டுவார். டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் அரைக் கட்டை ஏறும். கைகள் தானாக உயரும். தவறியதே இல்லை.

இதனால் அங்கே அழுதவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை ஜெனரேட்டர் நின்று மைதானம் முழுக்க இருட்டாகிவிட்டது. கீபோர்டும் செத்துவிட்டது. பெரும்பாலானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசி வெளிச்சத்தில் செருப்பைத் தேடினார்கள். கொஞ்சம் பேர் மணலில் முழங்காலிட்டபடியே இருந்தார்கள். அவர்கள் மட்டும்தான் உண்மை என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. செருப்பைத் தேடியவர்களுக்குக் கடைசி பஸ் இருந்தது.

இன்னொன்று. உங்கள் ஊர்க் கீர்த்தனைக்கும் தலைப்பில் ராகம், தாளம் போட்டுத்தான் அச்சடித்திருக்கிறார்கள். மனதை உருக்கவே அந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுடையது தானாக வந்த கண்ணீர், கூட்டத்தில் வருவது தயாரித்த கண்ணீர் என்று பிரித்துவிட வேண்டாம்.

ஓய்வு வாத்தியார்:

அம்மா தேரிமண், உன் சண்டை நம் பக்கத்துக்குப் புதிதே அல்ல.

முதலில் பாட்டு. நம் கீர்த்தனைகளில் பலவற்றைப் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர், ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை. பின்னால் வந்த மிஷனெரிமார் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் பாட்டுகளையும் வழக்கங்களையும் மாற்றத் தொடங்கியபோது எதிர்த்து நின்றார். 1829இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் பக்கமே முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். கோயிலில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தையும் சேர்த்துத்தான் அவர் காத்தார். ஆனால் சபை வெளியே தள்ளிய மனிதரின் பாட்டைத்தான் சபை இன்று வரை பாடுகிறது. உரிமையைப் பற்றிக் கேட்டாயே, அதற்காகச் சொன்னேன்.

அடுத்து உங்கள் மாவட்டத்துப் பிரகாசபுரம். சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857இல் மிஷனெரிமாரை உதறிவிட்டுத் தனிச் சபை கண்டார். மிஷனெரி கால்டுவெல் 1849இல் எழுதிய புத்தகம் நம் மக்களை இழிவாகப் பேசுகிறது என்ற கொதிப்பும் அதில் சேர்ந்துகொண்டது. வேதம் வேண்டும், வெள்ளைக்காரர் தலைமை வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் மேல் வந்த கோபம் இன்னொரு நிறுவனமாகத்தான் முடிந்தது என்பது வேறு விஷயம். மூன்றே வருடம் கழித்து, 1860இல், இதே திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்பவரின் ஊழியத்தில் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. ஜனங்கள் கதறி விழுந்தார்கள், ஆவியின் வரம் என்று, கற்காத பாஷையில், அந்நியபாஷை பேசினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலில், 1906இல்தான் இதெல்லாம் தொடங்கியது என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

கண்ணீர் சாட்சியா என்ற கேள்வியை உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஜொனாதன் எட்வர்ட்ஸ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் போதகராக இருந்தவர். அவருடைய சபையிலேயே எழுப்புதல் வந்து ஜனங்கள் நடுங்கி அழுததைக் கண்டவர். 1746இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். உணர்ச்சி இல்லாத பக்தி பக்தியே அல்ல என்பது அவர் கட்சி. அதேசமயம் உணர்ச்சி பொங்குவதை வைத்து அது தேவனால் வந்தது என்றும் சொல்ல முடியாது, அல்ல என்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு நடக்கும் நடக்கையைப் பார் என்பதுதான் அவர் காட்டிய முதன்மையான அடையாளம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் யாரைச் சேர்ப்பது என்ற தகராறில் 1750இல் அந்தச் சபையே அவரை வெளியேற்றியது. கமிட்டி எந்த ஊரிலும் கமிட்டிதான்.

கறுப்புக்குடை:

எட்வர்ட்ஸ் அடிமைகளை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருந்தவர். நடக்கையே அடையாளம் என்றால் அவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் ஐயா?

நான் கடவுள் இல்லை என்பவன். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி பாடினால் எனக்கும் தொண்டை அடைக்கும். பாட்டி எழுப்பிவிட்ட குளிர், பொங்கல் வாசனை, அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் நான் எதையும் தேடுவதில்லை. தேரிமண் அவர்களுக்கும் அது அம்மாவின் நினைவுதான். அப்படி இருந்தால் என்ன குறைந்துவிட்டது?

ஓய்வு வாத்தியார்:

மதிப்பெண் போட மாட்டேன் தம்பி. அளவுகோலைச் செய்தவனே அதில் தேறவில்லை. அளவுகோல் செல்லாது என்று ஆகிவிடாது.

தேரிமண்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

கறுப்புக்குடை சொல்வது அழுகைக்குப் பொருந்தும். அம்மாவின் நினைவு என்றே வைத்துக்கொள்கிறேன், வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. பழைய கீபோர்டு சொன்ன பெடல் கதையைப் படித்த பிறகு கண்ணீரை வைத்து எதையும் நிரூபிக்கும் ஆசையும் போய்விட்டது.

ஆனால் அண்ணாச்சி பிரகாசபுரத்துக் கதையைச் சொன்னதும் வேறொன்று உறைத்தது. நான் அழுகையைப் பற்றியே கேட்டேன். கோபத்தை உணர்ச்சிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என் கணவர் உங்களைப் போல, கறுப்புக்குடை, எதையும் நம்பாதவர். அன்று அந்த நோட்டுக்காரர்களுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது அவர்தான். மின்கட்டணம் கட்டியதைப் போல அன்றே மறந்துவிட்டார். ரசீது எங்கே என்று கேட்டால் தெரியாது என்பார். அது என் பீரோவில் இருக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த இடத்தில் அப்படிப் பேசக் கூடாது, அது அப்படிப்பட்ட இடம் அல்ல என்று எனக்குள் ஏதோ ஒன்று இன்றும் அடம்பிடிக்கிறது. அந்த இடத்தைப் பற்றி எனக்கு நம்பிக்கையே இல்லை என்றால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? எழுப்புதல் கூட்டத்தில் வந்த எரிச்சலும் இதே வகை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அம்மாவின் நினைவு அந்த மைதானத்தில் எனக்குத் துளியும் இல்லை.

இதை விசுவாசம் என்று சொல்லலாமா என்று எந்தப் போதகரிடமும் கேட்கப் போவதில்லை. ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பும் உத்தேசமும் இல்லை. ஒன்றே ஒன்று விசாரிக்கிறேன்: கோயம்புத்தூரில் யாராவது வீட்டில் கூடிப் பழைய கீர்த்தனைகளை மட்டும் பாடுகிறார்களா? பிரசங்கம், சந்தா, பொறுப்பாளர் எதுவும் இல்லாமல்?

கறுப்புக்குடை:

கோபத்தைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, யோசிக்கிறேன். பாட்டுக்கூட்டம் தொடங்கினால் நானும் வருவேன். மூன்றாம் மாதம் செயலாளர் தேர்தல் வைத்தால் எழுந்து போய்விடுவேன்.

பழைய கீபோர்டு:

நான் இருப்பது சிங்காநல்லூரில். வீட்டில் ஆர்மோனியம் இருக்கிறது, துருத்தி கொஞ்சம் ஒழுகுகிறது, தைத்துவிடலாம். எத்தனை பேர் வருவீர்கள், எந்தச் சுதியில் பாடுவீர்கள் என்று மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பெண்கள் அதிகம் என்றால் ஐந்தரைக் கட்டை வைத்துக்கொள்வோம்.