மாமா விட்டுப்போன பெல்ஸ் மணி: திறக்கலாமா, வைக்கலாமா?

அரைபெக்:
மாமா காலமான பிறகு அவர் அலமாரியை ஒழிக்கும்போது மணி வடிவப் பீங்கான் குடுவை ஒன்று கிடைத்தது. சார்லஸ்-டயானா கல்யாணத்துக்காக பெல்ஸ்ங்கிற ஸ்காட்ச் விஸ்கி கம்பெனி 1981-ல் விட்டது. 75 செ.லி. (750 மி.லி.), 40 சதவீதம் ஆல்கஹால். பெட்டி இருக்கு, சீல் உடையல. வேடிக்கை என்னன்னா, மாமா ஒரு சொட்டு குடிக்காதவர். யாரோ கொடுத்ததைத் துடைச்சுத் துடைச்சே வச்சிருந்தார். ஆட்டினா களக் களக்குன்னு சத்தம் வருது. சரக்கு நல்லா இருக்குமா? விலை போகுமா?

பீங்கான்பித்தன்:
முதல்ல ஆட்டுறதை நிறுத்துங்க. உள்ளே இருக்கிற தக்கை அத்தனை வயசானது.

விலையைப் பத்திக் கனவு வேண்டாம். இதை வேட்ங்கிற பீங்கான் கம்பெனி ஏராளமா வார்த்துத் தள்ளியது, வாங்கினவங்க பாதிப் பேர் உங்க மாமா மாதிரி திறக்கவே இல்ல. எங்கே அபூர்வம்?

சரக்கு வேற கதை. பெல்ஸை பீர் கம்பெனியான கின்னஸ் வாங்கினது 1985-ல், இது அதுக்கு முந்தின கலவை. இதுல முக்கியமான மால்ட் (முளைகட்டின பார்லியில காய்ச்சின விஸ்கி), ஸ்காட்லாந்துல பிட்லோக்ரியில இருக்கிற பிளேர் ஆதோல் ஆலையோடது. அந்த ஆலையை பெல்ஸ் 1933-லயே வாங்கிட்டாங்க. நான் இதே குடுவையைத் திறந்திருக்கேன். தக்கை பொடிப்பொடியா உதிர்ந்து, காபி ஃபில்டர் தாள்ல வடிகட்ட வேண்டியதாச்சு. முதல் மோப்பத்துல நனைஞ்ச அட்டைப்பெட்டி. கொட்டிடலாம்னு கூட நினைச்சேன். கால் மணி நேரம் விட்டதும் தேன், அக்ரூட், கொஞ்சம் சுக்குக் காரம், கடைசியில லேசா புகை. நாக்குல மட்டும் சன்னமா இருந்துச்சு, ஆவி போன சரக்கு அப்படித்தான். கண்ணாடியோ பீங்கானோ, குடுவைக்குள்ள விஸ்கிக்கு வயசு ஏறாது, குறையத்தான் செய்யும்.

பீங்கான்ல மட்டம் தெரியாதே, அதனால எடை போடுங்க. 75 செ.லி. விஸ்கி சுமார் 710 கிராம். இதே மாதிரி காலிக் குடுவை வச்சிருக்கிறவர்கிட்ட அதன் எடையைக் கேட்டுக் கழிச்சுப் பாருங்க. அவங்க பையன் வில்லியம் பிறந்தப்ப பெல்ஸ் விட்ட 50 செ.லி. மணியோட எடையைக் கழிச்சுடாதீங்க, அது சின்னது.

தண்ணிகலக்காதவன்:
ஈயம்? பழைய பீங்கான் மெருகு, படிகக் கண்ணாடி ரெண்டுலயும் அது சாராயத்துல இறங்கும்னு சொல்வாங்களே.

பீங்கான்பித்தன்:
நியாயமான பயம். உள்பூச்சுக்குக் குடுவைக்குக் குடுவை வித்தியாசம் உண்டு, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனைக்கூடத்துல கொடுத்துப் பார்த்த பிறகுதான் நான் குடிச்சேன். அந்தச் செலவு வேண்டாம்னா திறக்காம அழகுக்கு வச்சுக்கோங்க.

அரைபெக்:
எடை போட்டாச்சு. கழிச்சா 640 கிராம் வருது, அதாவது ஏறக்குறைய 75 மி.லி. காணோம். குடிக்காத மனுஷன் வீட்ல ஒரு லார்ஜுக்கு மேல காத்து குடிச்சிருக்கு! பரிசோதனைக்குக் கொடுக்கப்போறேன். ஃபில்டர் தாளும் வாங்கி வச்சுட்டேன்.