அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி எந்த மாதம் போடுவது? டெல்லிக் கணக்கு வேலூருக்கு ஒத்துவரவில்லை

காட்பாடி மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரையும் ஆஸ்துமாவும் உண்டு. டெல்லியில் இருக்கும் அண்ணன் வீட்டில் எல்லாரும் மழைக்கு முன்னால், மே மாதமே ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வார்கள். போன வருடம் அப்பா அங்கே போயிருந்தபோது அவருக்கும் போட்டுவிட்டார்கள். இங்கே திரும்பி வந்தவர் தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் படுத்துவிட்டார். ஐந்து நாள் 102 டிகிரி. ராத்திரியெல்லாம் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். சோதனையில் எச்3என்2 என்கிற ஃப்ளூ வகை என்று வந்தது. ஊசி போட்டும் ஏன் வந்தது? இந்த வருடம் எப்போது போடுவது?

ஸ்வாப் அண்ணன்:
சகோதரி, நான் வேலூர்ப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் பல வருடமாகக் காய்ச்சல் மாதிரிகளைக் கையாளுகிறேன். உங்கள் அண்ணன் டெல்லிக்குச் சரியாகத்தான் செய்கிறார். டெல்லி, புனே, ஆலப்புழை எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிற ஊர்கள், அங்கே ஃப்ளூ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கும். சென்னைக்கும் வேலூருக்கும் பெரிய மழை அக்டோபரில்தான், ஃப்ளூவும் அக்டோபர், நவம்பரில்தான். ஆலப்புழை நமக்குத் தூரமே இல்லை, நடுவில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. மழையைப் பிரிக்கிற அதே மலை காய்ச்சலையும் பிரித்து வைத்திருக்கிறது. ஸ்ரீநகர் இன்னும் வேறு: ஜனவரி முதல் மார்ச் வரை, குளிரில்.

இதை என் மேஜையிலேயே பார்க்கிறேன். ஜூலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் மாதிரிக் குழாய்கள் தளர்வாக ஆடும். ஐப்பசி மழை பிடித்ததும் செருக இடம் இருக்காது. இளஞ்சிவப்புத் திரவத்துக்குள் முறித்துப் போட்ட ஸ்வாப் குச்சி (மூக்கு, தொண்டையில் மாதிரி எடுக்கிற பஞ்சுக் குச்சி), மூடி மேல் ஒழுகாமல் சுற்றிய பாராஃபிலிம் நாடா, மழையில் மை கரைந்த லேபிள். பெயர் படிக்க முடியாத லேபிளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, அது யாரோ ஒருவர் காத்திருக்கிற முடிவு.

சரி, அப்பாவுக்கு ஏன் வந்தது? மே மாதம் போட்ட ஊசிக்கு நவம்பர் வந்தால் ஆறு மாதம். மாதம் ஆக ஆக எதிர்ப்பு குறையும், வயதானவர்களுக்குக் கூடுதலாகவே குறையும். போதாததற்கு எச்3என்2வை இந்த ஊசி, எச்1என்1 என்கிற இன்னொரு ஃப்ளூ வகை அளவுக்குத் தடுப்பதில்லை. அதற்காக ஊசி வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள், காய்ச்சல் முற்றி ஐசியூ வரை போகாமல் அது காப்பாற்றும். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். அதனால் நம் ஊருக்குச் செப்டம்பர்தான் என் பதில். சர்க்கரை, ஆஸ்துமா இருப்பதால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலப்புழை மருமகள்:
அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. என் பிறந்த வீடு திருவண்ணாமலை. இங்கே பள்ளிக்கூடம் திறந்து மழை வலுத்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுப்பார்கள். அப்போது அம்மாவுக்குப் போன் செய்தால் "இங்கே வெயில்தான் கொளுத்துது" என்பார். ஆனால் 2023இல் மார்ச் மாதமே எச்3என்2 பரவியதே, தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் காய்ச்சல் முகாம் நடத்தினார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?

ஸ்வாப் அண்ணன்:
நல்ல கேள்வி. மழைக்கால உச்சம் பெரும்பாலான வருடங்களுக்குப் பொருந்தும், எல்லா வருடத்துக்கும் அல்ல. அதனால்தான் வருடம் முழுக்க மாதிரி எடுக்கிறோம். நாங்கள் பார்ப்பது எத்தனை பேருக்கு வந்தது என்பதை விட, சோதித்த நூறில் எத்தனை பாசிட்டிவ் என்பதை. பயம் பரவினால் சோதனை கூடும், எண்ணிக்கையும் கூடும். விகிதம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

இன்னொன்று. நம் ஊரில் டெங்குவும் இதே மழையோடுதான் வரும். தொண்டை வலி, இருமல் இருந்தால் ஃப்ளூவாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குப் பின்னால் வலித்து, சளியே இல்லை என்றால் டெங்கு சோதனை கட்டாயம். அது இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும், புரூஃபென் வேண்டாம். அப்பா மாதிரி இருப்பவர்களுக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே முதல் 48 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். ஓசெல்டாமிவிர் என்கிற ஃப்ளூ மருந்தை அப்போது கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

காட்பாடி மகள்:
ரொம்ப நன்றி அண்ணா. நாங்கள் மூன்றாம் நாள்தான் கூட்டிப்போனோம். மருந்துக் கடையில் விசாரித்தேன், "வடக்கா, தெற்கா?" என்று கேட்கிறார்கள். புரியவில்லை.

ஸ்வாப் அண்ணன்:
உலக சுகாதார நிறுவனம் எந்தெந்த வைரஸைச் சேர்ப்பது என்று வருடத்துக்கு இரண்டு முறை சொல்லும்: பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தெற்குக்கு. பெட்டியில் 2025-2026 என்று இரண்டு ஆண்டு இருந்தால் வடக்கு, ஒற்றை ஆண்டு இருந்தால் தெற்கு. செப்டம்பரில் புது வடக்குப் பெட்டி வந்திருந்தால் அதையே வாங்குங்கள். வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருந்து மழையில் மாட்டிக்கொள்ள வேண்டாம், காலாவதி ஆகாத தெற்கே போதும். கடைக்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பாருங்கள், ஐஸ் பையோடு நேராகக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.