புதன்கிழமை தோறும் மாறிவிடும் இயல்புநிலை உலாவி: என்ன செய்வது?

லாரி ஆபீஸ்காரி, சங்ககிரி

வணக்கம். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கும் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் ஜிஎஸ்டி மின்சீட்டு) பார்க்கிறேன். அலுவலகக் கணினியில் விண்டோஸ் 11. நான் பயன்படுத்துவது ஃபயர்பாக்ஸ். அதையே இயல்புநிலை உலாவியாகவும் வைத்திருக்கிறேன். வைத்தது வைத்தபடி இருந்தால் இங்கே வந்து எழுதவே வேண்டியதில்லை.

மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. புதன்கிழமை காலை கணினியைத் திறந்து எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி வந்து நிற்கிறது. வலது மூலையில், ஏதோ ஒரு செயலியால் சிக்கல் ஏற்பட்டதால் இயல்புநிலை மீட்டமைக்கப்பட்டது என்பது போல ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் ஃபயர்பாக்ஸுக்கு மாற்றுவேன். அடுத்த புதன்கிழமை மறுபடியும் அதே கதை.

இன்னொன்றும் உண்டு. சிமென்ட் ஆலையிலிருந்து லோடு விவரம் மின்னஞ்சலில் வரும், அவுட்லுக்கில் பார்ப்பேன். அதிலுள்ள இணைப்பு எந்தக் கிழமையானாலும் எட்ஜில்தான் திறக்கிறது. அந்த நேரத்தில் அமைப்புகளைப் பார்த்தால் ஃபயர்பாக்ஸ் என்றே காட்டுகிறது!

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்பவர்களுக்காக: சிறு வண்டி உரிமையாளர்கள் பலருடைய இ-வே பில் கணக்கு எங்கள் கையில் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் கன்டெய்னர் என்ற துணைநிரலைப் போட்டு, ஒரே சன்னலில் ஒவ்வோர் உரிமையாளருக்கும் ஒரு நிறத் தாவல் வைத்திருக்கிறேன். ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு கலக்காது. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லுபடி. வண்டி நாக்பூருக்கு அந்தப் பக்கம் அச்சு முறிந்து நின்றால், காலாவதியாகும் நேரத்துக்கு முன் எட்டு மணி நேரம், பின் எட்டு மணி நேரம், அதற்குள் நீட்டித்தாக வேண்டும். 2025 ஏப்ரல் முதல் எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம். அது வண்டிக்காரர் கைப்பேசிக்குப் போகும். அவரோ கிணற்று மேட்டில் மோட்டார் போட்டுக்கொண்டு நிற்பார். வேறு உலாவியில் திறந்துவிட்டதால் இரண்டாம் முறை ஓடிபி கேட்டால், "இப்போதுதானே சொன்னேன் அம்மிணி, மறுபடியுமா?" என்று இழுப்பார். அந்த இழுப்பைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை.

நிரந்தரத் தீர்வு இருந்தால் சொல்லுங்கள்.

கரூர் படுக்கைவிரிப்பு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விண்டோஸ் புதுப்பிப்பின் வேலைதான். அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை வெளியிடுவார்கள், நமக்குப் புதன்கிழமை விடியும்போது வந்து இறங்கியிருக்கும். புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூசர்சாய்ஸ் என்ற இடத்தில் ஃபயர்பாக்ஸ் பெயரை நேரடியாக எழுதி, எழுதும் உரிமையைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

பல்லடம் தறிக்குடோன்

சகோதரி, எதற்காக வாராவாரம் மல்லுக்கட்ட வேண்டும்? எட்ஜும் நல்ல உலாவிதான், குரோமுக்குள் இருக்கும் அதே குரோமியம் எந்திரம்தான் இதற்குள்ளும். கடவுச்சொற்களை ஃபயர்பாக்ஸிலிருந்து இறக்குமதி செய்துகொள்ளலாம். கன்டெய்னருக்குப் பதிலாக ஆளுக்கொரு சுயவிவரம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தறிக்கூலி பில் எல்லாம் அப்படித்தான் போடுகிறோம்.

லாரி ஆபீஸ்காரி, சங்ககிரி

பல்லடத்தாருக்கு: சுயவிவரம் என்றால் ஆளுக்கொரு சன்னல். எத்தனை உரிமையாளரோ அத்தனை சன்னல் திறந்து, எது யாருடையது என்று தேடுவதற்குள் வண்டி மகாராஷ்டிர எல்லையைத் தாண்டிவிடும். எட்ஜ் மோசம் என்று நான் சொல்லவில்லை. நான் தேர்ந்தெடுத்தது அப்படியே நிற்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

பிரப் ரோடு கணினிக்காரன், ஈரோடு

அம்மிணி, ஒரே கேள்வியில் இரண்டு சிக்கலைச் சேர்த்துவிட்டீர்கள். இயல்புநிலை மாறிப்போவது ஒன்று. இயல்புநிலை சரியாக இருக்கும்போதே ஓர் இணைப்பு அதை மதிக்காமல் போவது இன்னொன்று. என்னிடம் இந்தக் குறையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு, மாற்றியதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். தவறான உலாவி திறந்த அந்த நிமிடமே அமைப்புகளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், அதனால் பாதி வேலை முடிந்தது.

எளிதானதை முதலில் முடிப்போம். அவுட்லுக்குக்கென்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது, 2023-இல் வந்தது. கோப்பு, விருப்பங்கள், மேம்பட்டவை என்று போனால், இணைப்புகளை எந்த உலாவியில் திறப்பது என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எட்ஜ் என்று இருப்பதை 'இயல்புநிலை உலாவி' என்று மாற்றுங்கள். விண்டோஸ் அமைப்பில் தலைகீழாக நின்றாலும் இது மாறாது.

இனிப் புதன்கிழமை. கரூர் அண்ணன் சொன்ன கணக்கு உதைக்கிறது. மைக்ரோசாஃப்டின் வழக்கமான புதுப்பிப்பு மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வருவது. மாதத்துக்கு ஒரு புதன்கிழமை மாறினால் அதைச் சந்தேகிக்கலாம். வாராவாரம் மாறுகிறது என்றால், கிழமை பார்த்து வேலை செய்யும் ஏதோ ஒன்று உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஊரார் வரிக்கணக்கெல்லாம் இருக்கும் கணினி அது.

ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் யோசனையும் வேண்டாம். விண்டோஸ் 7 காலத்தில் எந்த மென்பொருளும் இயல்புநிலை உலாவியைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தது. இலவச டூல்பார் ஒன்றை நிறுவினால் உலாவியும் முகப்புப் பக்கமும் சேர்ந்து மாறிப்போகும்; அப்போது கடை வைத்திருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். நீங்கள் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கும்போது உலாவியின் பெயரோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் பதிவாகிறது. உங்கள் பயனர் கணக்கின் அடையாள எண், தேர்ந்தெடுத்த நேரம், உலாவியின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குறியீடு அது. எடைமேடைச் சீட்டில் எண்ணைப் பேனாவால் திருத்தினால் சீட்டே செல்லாமல் போகிறது அல்லவா, அது போலத்தான். பெயரை மட்டும் மாற்றி எழுதினால் குறியீடு பொருந்தாது. பொருந்தாவிட்டால் விண்டோஸ் அந்தத் தேர்வைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் சொந்த உலாவியை வைத்துக்கொள்ளும். நீங்கள் மூலையில் பார்த்த அறிவிப்பு அதுதான்.

பிற மென்பொருள்களிடமிருந்து நம்மைக் காக்கப் போட்ட பூட்டு, உடைந்தால் மட்டும் எப்போதும் பூட்டுப் போட்டவர் பக்கமே சாய்கிறது. இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆனால் இங்கே எழுதினால் நீளும். 2015-இல் விண்டோஸ் 10 வந்த கையோடு ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் அப்போதைய தலைவர் கிறிஸ் பியர்ட், மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது நிலைமை இன்னும் மோசம்: ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், ஹெச்டிஎம்எல் என்று ஒவ்வோர் இணைப்பு வகையையும் கோப்பு வகையையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. ஒரே பொத்தானில் மாற்றும் வசதி 2022 மார்ச் மாதப் புதுப்பிப்பில்தான் திரும்பக் கிடைத்தது.

ஆக, உங்கள் கணினியில் யாரோ அந்தச் சீட்டில் பேனா வைக்கிறார்கள். என் சந்தேகம், கணினியைச் சுத்தம் செய்கிறேன், வேகப்படுத்துகிறேன் என்று சொல்லும் இலவச மென்பொருள் மேல். 'பழுதான கோப்பு இணைப்புகளைச் சரிசெய்தல்' என்று அவற்றில் ஒரு வேலை இருக்கும், பழுதே இல்லாததையும் சரிசெய்துவிடும். தேடல் பெட்டியில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தட்டித் திறந்து, எந்த வேலை எப்போது ஓடும் என்று காட்டும் பத்தியைப் பாருங்கள். புதன்கிழமை என்று எது இருக்கிறதோ அதன் பெயரை இங்கே எழுதாமல், உங்களுக்குத் தேவையா என்று மட்டும் பாருங்கள். தேவையில்லை என்றால் மென்பொருளையே நீக்குங்கள். வேலையை மட்டும் நிறுத்தினால் அடுத்த முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அதை மறுபடி முளைக்க வைக்கும்.

நீக்கிய பிறகு அமைப்புகள், செயலிகள், இயல்புநிலைச் செயலிகள், ஃபயர்பாக்ஸ் என்று போய், மேலே உள்ள பொத்தானை அழுத்துங்கள். அதோடு அமைப்புகள், கணினி, அறிவிப்புகள் பகுதியின் அடியில் 'கூடுதல் அமைப்புகள்' என்று ஒன்று இருக்கும். அதிலுள்ள குறிகளை எடுத்துவிடுங்கள். பெரிய புதுப்பிப்புக்குப் பின், 'கணினி அமைப்பை முடித்துவிடலாம் வாருங்கள்' என்று ஒரு நீலத் திரை வருமே, அதில் பரிந்துரைத்த உலாவி அமைப்பை ஏற்கச் சொல்லி ஒரு பொத்தான் இருக்கும். லோடு ஏற்றும் அவசரத்தில் அலுவலகத்தில் யாராவது அதை அழுத்தினால் எட்ஜ் முறைப்படியே வந்து உட்கார்ந்துவிடும். அப்போது அறிவிப்பும் வராது.

லாரி ஆபீஸ்காரி, சங்ககிரி

அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன். புதன்கிழமை காலை எட்டரைக்கு ஓடும்படி ஒரு 'வேக' மென்பொருள் இருந்தது. புது பிரிண்டர் கொண்டுவந்து மாட்டிய பையன், கணினி மெதுவாக இருக்கிறதே என்று முதலாளி சொன்னதைக் கேட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நீக்கியபோது, 'உங்களைப் பிரிவதில் வருத்தம்' என்று ஒரு முகத்தைக் காட்டியது. எனக்கு வருத்தமில்லை.

நேற்றுப் புதன்கிழமை. ஃபயர்பாக்ஸ்தான் திறந்தது. அவுட்லுக்கும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

ஒன்றே ஒன்று பாக்கி: ஸ்டார்ட் பக்கத்தில் எதையாவது தேடி, அதில் வரும் இணையத் தேடல் முடிவைச் சொடுக்கினால் இப்போதும் எட்ஜ்தான். இதுவும் வேறு ஏதாவது ஒன்றின் வேலையா?

கோபி ஆசிரியர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு உலாவி மாறவில்லை, ஆனால் வினாத்தாள் பிடிஎஃப் மட்டும் எட்ஜில் திறக்கிறது. மேலே சொன்ன பொத்தானை அழுத்தியும் பயனில்லை.

பிரப் ரோடு கணினிக்காரன், ஈரோடு

ஐயா, அந்தப் பொத்தான் இணைய முகவரிகளையும் ஹெச்டிஎம்எல் கோப்புகளையும்தான் மாற்றும், பிடிஎஃப் தனி வரி. அதே பக்கத்தின் பட்டியலில் .pdf என்பதைச் சொடுக்கி, நீங்கள் பயன்படுத்தும் நிரலைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மிணி, ஸ்டார்ட் தேடல் யாருடைய தில்லுமுல்லும் இல்லை, அப்படியேதான் கட்டியிருக்கிறார்கள். அந்த இணைப்புகள் ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்காமல் எட்ஜுக்கே உரிய ஒரு முன்னொட்டோடு போவதால் இயல்புநிலை அமைப்பு அவற்றைத் தொடுவதே இல்லை. எட்ஜ்டிஃப்ளெக்டர் என்ற சிறு நிரல் அதைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. 2021 இறுதியில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் முழு அளவில் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் எட்ஜை நீக்கவே முடிகிறது. சங்ககிரிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

இணையத்தில் தேட வேண்டியதை ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையிலேயே தட்டுங்கள். ஸ்டார்ட் பெட்டியைக் கால்குலேட்டர் திறக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர் படுக்கைவிரிப்பு

எடைமேடைச் சீட்டு விளக்கம் ஏற்கத்தக்கதுதான். ஆனாலும் என் கணினியில் புதுப்பிப்பை நிறுத்தியேதான் வைத்திருக்கிறேன்.

பிரப் ரோடு கணினிக்காரன், ஈரோடு

அண்ணா, அதற்கு ஒரு தனித் தலைப்பு தொடங்குங்கள். அங்கே வந்து சண்டை போடுகிறேன்.