டெர்லிங்குவா: பாதரச ஊரில் உங்கள் அனுபவம் என்ன?

டெக்சாஸில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிற நம்மவர்கள் பலரும் பக்கத்து ஊரான டெர்லிங்குவாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அரை நாளாவது அங்கே இருந்து பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த இழை.

ஊர் என்று நாம் சொன்னாலும் சட்டப்படி அது நகராட்சி அல்ல. மேயர் கிடையாது, நகர மன்றம் கிடையாது. எதற்கானாலும் புரூஸ்டர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம்தான், அதன் தலைமையிடமான ஆல்பைன் வடக்கே சுமார் 80 மைல். கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 16,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டில் எட்டில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் அத்தனை பரப்பிலும் 10,000 பேர்கூட இல்லை.

இந்த ஊர் ஓரிடத்தில் நின்றதும் இல்லை. முதலில் ரியோ கிராண்ட் ஆற்றருகே, டெர்லிங்குவா ஓடைக்கரையில் இருந்த மெக்சிகக் குடியிருப்புக்கு இந்தப் பெயர். பிறகு மாரிபோசா சுரங்க முகாமுக்குப் போனது. 1910-இல் அந்தச் சுரங்கம் மூடியதும் தபால் நிலையத்தைச் சிசோஸ் கம்பெனியின் முகாமுக்கு மாற்றினார்கள், பெயரும் கூடவே வந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் இடிந்த சுவர்களெல்லாம் அந்த மூன்றாவது ஊர்.

சிசோஸ் கம்பெனியை 1903-இல் தொடங்கியவர் சிகாகோ தொழிலதிபர் ஹோவர்ட் பெர்ரி. பாதரசம் அடங்கிய சாதிலிங்கக் கல்லை வெட்டி, உலையில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பாதரசம் எடுத்தார்கள். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்குப் பாதரசம் தேவைப்பட, கம்பெனி கொழித்தது. 1922-இல் அமெரிக்கா எடுத்த பாதரசத்தில் 40 சதவீதம் இங்கிருந்துதான். கடை, ஓட்டல், ஐஸ் ஆலை எல்லாம் கம்பெனியுடையவை, அதனால் வேலைக்காரன் வாங்கிய கூலி கம்பெனிக் கடைக்கே திரும்பிப் போனது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகர்கள். சுரங்கத்துக்கும் உலைக்கும் ஓடைக்கரை மரங்களை வெட்டித் தீர்த்ததில் கரை மொட்டையானதுதான் மிச்சம்.

அந்தக் கம்பெனிக் கடைக் கட்டடத்தில் இப்போது நினைவுப் பொருட்கள் விற்கிறார்கள். வெளித் திண்ணையில் பேச்சுக் கொடுத்த பெரியவர் ஒருவர், பாதரசம் அடைத்து அனுப்பிய பழைய இரும்புக் குடுவையைக் காட்டினார். உள்ளே இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். நிரம்பினால் பாதரசம் மட்டும் 76 பவுண்டு. காலிக் குடுவையைத் தூக்கவே எனக்குக் கை வலித்தது. அதை நாள் முழுக்க ஏற்றி இறக்கியவர்கள் கீழே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். கல் குவியல், அதன்மேல் மரச் சிலுவை, அவ்வளவுதான். பல சிலுவைகளில் பெயரே இல்லை. பெர்ரிக்கு மட்டும் மேட்டில் மாளிகை. 1942-இல் கம்பெனி திவாலானது, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஊர் காலியானது.

இப்போது வந்து குடியேறியிருப்பவர்களுக்குத் தண்ணீர்தான் பெரும் பாடு. வருடத்துக்கு ஓரடி மழைகூட இல்லாத இடம், ஆனாலும் பல வீடுகளில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறார்கள். மீதியை லாரியில் கொண்டுவர வேண்டும். வசதி செய்து தர மன்றம் இல்லையே, வரி போடவும் யாரும் இல்லையே என்று கேட்டேன். இரண்டாவதற்காகத்தான் வந்தேன் என்று சிரித்தார் அந்தப் பெரியவர். எனக்கென்னவோ அது அரை உண்மையாகத்தான் பட்டது. கவுண்டி வரி அவரையும் விட்டிருக்காது.

ஹூஸ்டன்வாசி: நாங்கள் நவம்பர் முதல் சனிக்கிழமை தெரியாமல் போய் மாட்டிக்கொண்டோம். அன்றுதான் சில்லி (மிளகாய் போட்ட காரமான இறைச்சிக் குழம்பு) சமையல் போட்டி. 1967-இல் தொடங்கிய முதல் போட்டி சமனில் முடிந்ததாம். இப்போது ஒரே நாளில் இரண்டு போட்டிகள் தனித்தனியாக நடக்கின்றன, பழைய பங்காளிச் சண்டை போலிருக்கிறது. பாலைவனம் முழுக்க வண்டிகளும் கூடாரமும், தங்க அறையே கிடைக்கவில்லை. நான் சைவம். பீன்ஸ் மட்டும் போட்டது இருக்கிறதா என்று ஓர் அடுப்படியில் கேட்டேன். டெக்சாஸ் சில்லியில் பீன்ஸ் போடவே கூடாது என்று கால் மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, கடைசியில் சோள ரொட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

ஆஸ்டின் அக்கா: விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். மெக்சிகோ பக்கத்தில்தான், அதனால் திரும்பி வரும்போது 118-ஆம் சாலையில் ஆல்பைனுக்குத் தெற்கே எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. எங்களிடம் மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் என் தம்பியின் காகிதங்கள் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தன. அப்புறம், கோடையில் வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் 100 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். சுரங்கக் குழிகள் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள், வேலி போட்டிருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.